நானே குதிக்கிறேன்

ஜூன் 3

சின்னவளுக்கு,

நீ ரெண்டு தடவை போன் பண்ணினியாம். உன் மாமா எடுத்தார். நான் பேச மாட்டேன்னு சொல்லச் சொன்னதும் நான்தான். பேசினா கத்துவேன், கத்தினா இடுப்புல பிடிச்சுக்குது. அதனால எழுதுறேன்.

நேத்து கம்பெனியிலிருந்து ஒரு கவர் வந்தது. எங்க ஸ்டன்ட் சங்கத்துக்கு அவங்க அனுப்பின கடிதத்தோட நகல். அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் பரவாயில்ல, என் கையால ஒரு தடவை எழுதினாத்தான் ஆத்திரம் கொஞ்சம் அடங்கும். "மே மாதம் ஒன்பதாம் தேதி காலை, இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பில், கதாநாயகிக்கு டூப்பாகப் பணியாற்றிய சண்டைக் கலைஞர், பாதுகாப்பு வலையின்றி, 'நானே குதிக்கிறேன்' என்று கூறி, தம் சொந்த விருப்பத்தின் பேரில் மூன்றாம் மாடியிலிருந்து குதித்தார்."

சொந்த விருப்பமாம். இடுப்பெலும்பை உடைச்சுக்கணும், தோள்பட்டையை உடைச்சுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை பாரு.

கீழே சாட்சிக் கையெழுத்து மூணு. ஒண்ணு ஸ்டன்ட் மாஸ்டர், பதினாலு வருஷமா நான் யார் சொன்னா கண்ணை மூடிக்கிட்டுக் குதிப்பேனோ அந்த மனுஷன். ரெண்டாவது புரொடக்ஷன் மேனேஜர். மூணாவது என் கூடவே டூப் போடுற ரப்பர். உடம்பை வளைக்கிறதுல அவளுக்கு மிஞ்சி ஆள் இல்லன்னு நாங்க வெச்ச பேரு, இப்பப் பார்த்தா நாக்கும் வளையும்போல. அதுக்கும் கீழே, "காயமடைந்தவர் சார்பில், மேற்கண்டவை உண்மை என ஒப்புக்கொள்கிறேன்"னு ஒரு வரி. அந்த வரிக்குக் கீழே உன் கையெழுத்து.

குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம். கம்பெனி குதிரை, அது தள்ளும். மண்வெட்டி எடுத்துக் கொடுத்தவ என் கூடப் பிறந்தவ.

ஜூலை அஞ்சாம் தேதி சங்கத்துல விசாரணை. வலை இல்லாம தானா இஷ்டப்பட்டுக் குதிக்கிறவங்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாதுன்னு விதி. அந்த விதி வேணும்னு கையைத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தி. இனிமே நான் குதிக்க முடியுதோ இல்லையோ, அட்டை போச்சுன்னா இன்னொருத்திக்குக் குதிக்கச் சொல்லிக் கொடுக்கக்கூட முடியாது.

உனக்கு ஏதாவது சொல்றதுக்கு இருந்தா எழுது. போன் பண்ணாதே.

அக்கா


ஜூன் 7

அன்புள்ள அக்கா,

முதலில் ஒன்று. நான் போன் செய்தது மேனேஜருடைய அறையிலிருந்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க. முதல் பாகம் ரிலீஸுக்கு முன்பே வெளியே கசிந்துவிட்டதால், இரண்டாம் பாகத்தை ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எங்களை அடைத்துவைத்து எடிட் செய்ய வைக்கிறார்கள். வாசலில் போனைப் பிடுங்கிப் பூட்டிவிடுகிறார்கள். பிரிவியூ முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. இந்தக் கடிதத்தை இஸ்திரிக்காரர் துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோகிறார். நீயும் அவர் கடை விலாசத்துக்கே எழுது.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். எப்படிப் போட்டேன் என்று கேட்காமலே நீ தீர்ப்பு எழுதிவிட்டாய், ஆனாலும் சொல்கிறேன். நீ ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தாய். மாமா ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். நான் நடைபாதையில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். மேனேஜர் ஒரு அட்டையில் மூன்று தாள்களைச் செருகிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி ஃபாரம் என்றும், சொந்தக்காரர்தான் போட வேண்டும் என்றும், உள்ளே டாக்டர் காத்திருக்கிறார் என்றும் சொன்னார். முதல் தாள் ஆஸ்பத்திரித் தாள்தான். மற்ற இரண்டையும் அவரே புரட்டி, போட வேண்டிய இடத்தை மட்டும் விரலால் காட்டினார். உன் தலையில் அடிபட்டிருக்கிறது, பிழைப்பாயா என்பதே தெரியாது என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் என் சாவுச் சீட்டை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

எனக்கும் ஒரு ஆத்திரம் இருக்கிறது அக்கா, அதையும் எழுதிவிடுகிறேன். 'நானே குதிக்கிறேன்' என்று நீ சொன்னதாக அவர்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. முதல் பாகத்தில் காய்ச்சலோடு படகிலிருந்து குதித்தவள் நீ. எத்தனை பேர் தடுத்தோம்? அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நீ குதிப்பாய், நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்போம். இதுதானே வழக்கம்?

அதனால் நேராகவே கேட்கிறேன். அன்று நீ அப்படிச் சொன்னாயா, இல்லையா?

சின்னவள்


ஜூன் 11

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் படிச்சதும் கிழிச்சுப் போட நினைச்சேன். ஒரு கைதான் வேலை செய்யுது, ஒரு கையால கடிதம் கிழியாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதனால தப்பிச்சுது.

சொன்னேனா இல்லையான்னு என்னையே கேக்கிற. கேளு. எனக்கு ஞாபகம் இல்ல.

இதை உன் மாமாகிட்டகூட நான் முழுசாச் சொல்லல. அன்னைக்குக் காலையில டெய்லர் எனக்கு அந்த யூனிஃபாரத்தைப் போட்டுவிட்டது ஞாபகம் இருக்கு. கதாநாயகி அளவுக்குத் தைச்ச சட்டை, எனக்குத் தோள்ல பிடிச்சுது. காலர்ல ஊக்கு குத்தினப்ப கழுத்துல பட்டுடுச்சு, நான் திட்டினேன். அதுவரைக்கும் இருக்கு. அடுத்தது ஆஸ்பத்திரி விட்டம், அதுல ஓடாத ஒரு ஃபேன். நடுவுல இருந்ததை யாரோ உருவிட்டுப் போயிட்டாங்க. நான் சொல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியல. மூணு பேர் சொன்னேன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க, நீயும் நம்புற. சில நேரம் எனக்கே என் குரல் அப்படிச் சொல்ற மாதிரி கேக்குது. இவ்வளவு கத்துறது எதனாலன்னு நினைச்ச?

போன மாசக் கடைசியில ரப்பர் வந்தா. அப்ப கவர் வரல, எனக்கு ஒண்ணும் தெரியாது. கைக்குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை பேசல, அழுதுக்கிட்டே இருந்தா. எனக்கு அடிபட்டதுக்கு அழறான்னு நினைச்சு நான்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். இப்ப நினைச்சா என் மேலேயே எனக்குக் கோபம் வருது.

அப்புறம் ஒரு பத்திரிகை. மாமா ஒரு ஆபீஸ்ல லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போனப்ப வரவேற்பறையில கிடந்துதாம். கதாநாயகி பேட்டி. "இந்தப் படத்தில் எல்லா சண்டைக் காட்சிகளையும் நானே செய்தேன்." பக்கத்துல படம். படத்துல முகம் தெரியாது, முதுகுதான். முப்பத்தொம்பது வருஷமா என் கூட இருக்கிற முதுகு, எனக்குத் தெரியாதா?

கதையாவது ஒழுங்கா இருக்கான்னு பாரு. போலீஸ்காரி ஒருத்தி, இராணுவப் பள்ளிக்கூடத்துல துப்பாக்கி திருடுறவனைப் பிடிக்கணும்னு கணக்கு டீச்சரா வேஷம் போட்டுப் போறா. வேஷம்னா என்ன, ஒரு மூக்குக்கண்ணாடி. எதிரியை மோப்பம் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம், நானூறு பேர் படிக்கிறாங்க, ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. முதல் பாகத்துல இவளை ஊரே டிவியில பார்த்தது. ஆனா கண்ணாடி போட்டா வேற ஆளாம். இந்தக் கூத்துக்கு நான் இடுப்பை உடைச்சுக்கிட்டேன்னு நினைக்கும்போதுதான் ரொம்ப வலிக்குது.

நீ மன்னிப்புக் கேக்கல, கவனிச்சேன்.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்கா,

அந்த ஷாட் நேற்று என் மேசைக்கு வந்தது.

நான் உதவியாளர்தான், எதை வைப்பது எதை எடுப்பது என்பதை எடிட்டர் சாரும் டைரக்டரும் முடிவு செய்கிறார்கள். அவர்கள் இருவரும் என் பின்னால் நின்றுகொண்டார்கள். நான் ஓடவிட்டேன். நீ மாடி விளிம்பில் ஓடி வருகிறாய். எதிரே தடைப் பயிற்சிக்காகக் கட்டிய கயிறு. தாவுகிறாய், கயிறு கையில் கிடைக்கிறது, பிறகு வழுக்குகிறது. பின்னால் சுவரில், மாணவர்களுக்காக என்று பெரிய எழுத்தில் 'கீழ்ப்படிதலே வீரம்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தாண்டி நீ கீழே போகிறாய்.

டைரக்டர் என் தோளைத் தட்டி, எவ்வளவு உண்மையாக இருக்கிறது பார் என்றார். தரைக்கு இரண்டடி மேலே வெட்டிவிட வேண்டுமாம். அடுத்த ஷாட்டில் கதாநாயகி புல்லில் உருண்டு எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓடுவாராம். ஒன்றும் ஆகாது.

விழுவது என் அக்கா என்றேன். டைரக்டருக்கு அது தெரியவே தெரியாதாம். யானைக்கும் அடி சறுக்கும் என்றார். உணர்ச்சிவசப்பட்டால் இந்தத் தொழிலில் இருக்க முடியாது என்றும் சொன்னார். எடிட்டர் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் போன பிறகு நான் அதைப் பதினோரு தடவை பார்த்தேன். படத்தில் வலை இல்லை. கீழே பச்சைத் துணி மூடிய இரண்டு மெத்தைகள். நீ விழுந்தது அதற்கு வெளியே.

படம் 'ஆக்ஷன்' என்ற சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஷாட்டுக்கான சவுண்ட் ஃபைலின் மேல் 'பழுது, பயன்படாது' என்று குறித்துத் தனியே போட்டிருக்கிறார்கள்.

அக்கா, நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது தப்பு. 'சொன்னாயா' என்று உன்னிடம் கேட்டது அதைவிடத் தப்பு. மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். நாளைக்கே வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

சின்னவள்


ஜூன் 19

சின்னவளுக்கு,

வேலையை விட்டுட்டு வந்து என்ன பண்ணப் போற? என் பக்கத்துல உக்காந்து மூக்கைச் சிந்தவா? அங்கேயே இரு. அந்த வீட்டுக்குள்ள என் பக்கத்து ஆளுன்னு இருக்கிறது நீ ஒருத்திதான்.

ரெண்டடி மேலே வெட்டுவாங்களாமா? உலகத்துல பாதி விழுந்தவங்கன்னு யாராவது இருக்காங்களா? என்னைப் போடுறதா இருந்தா தரை வரைக்கும் போடச் சொல்லு. இல்லன்னா என்னைத் தொடாதீங்கன்னு சொல்லு.

இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளு. அந்த யூனிட்டோட சவுண்ட்காரர் ஒரு மாதிரி ஆளு. யாரோடயும் பேச மாட்டார், காதுல மெஷினை மாட்டிக்கிட்டு ஒரு மூலையில உக்காந்திருப்பார். ஆனா எல்லாரையும்விட முன்னாடியே மெஷினை ஓட விட்டுடுவார். ஒரு தடவை டைரக்டர் அவரைக் கூப்பிட்டு எதுக்கு வேஸ்ட் பண்றீங்கன்னு சத்தம் போட்டார். காத்து எப்படி இருக்குன்னு தெரியணும்ல சார்னார், அவ்வளவுதான். மறுநாளும் அப்படியேதான். அந்த ஃபைல் பழுதுன்னு அவர் எழுதியிருக்க மாட்டார். அவர் எழுதினா என்ன பழுதுன்னும் எழுதுவார். வேற யாரோ எழுதியிருக்காங்க. திறந்து கேளு.

இன்னொண்ணு. கேட்டுட்டு எனக்கு நல்லது மட்டும் பொறுக்கி எழுதாதே. வலை வேண்டாம்னு நானே சொல்லியிருந்தா, சொன்னேன்னு எழுது. திமிர்ல சொல்லியிருந்தா, திமிர்ல சொன்னேன்னு எழுது. எனக்கு என்ன நடந்துதுன்னு தெரியணும். தெரியாம இந்தக் கட்டில்ல கிடக்க முடியல.

நேத்து வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு கதவு வரைக்கும் நடந்தேன். ஏழு அடி. முன்னாடியெல்லாம் அது எனக்கு ஒரு தாவல்.

அக்கா


ஜூன் 25

அக்கா,

கிடைத்துவிட்டது. சவுண்டில் ஒரு பழுதும் இல்லை. ஆறு நிமிஷம் இருபது செகண்ட். நான்கு தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கேட்டது கேட்டபடி எழுதுகிறேன்.

முதலில் ஜெனரேட்டர் சத்தம், யாரோ ஏணியை இழுக்கிறார்கள். பிறகு டைரக்டர்: "வலையோட ஓரம் ஃப்ரேம்ல தெரியுது. எடுங்க."

மாஸ்டர்: "மெத்தை போட்டுக்கலாம் சார். பச்சைத் துணி மூடிட்டா புல்லு மாதிரி இருக்கும்."

பிறகு நீ. தூரத்திலிருந்து கேட்கிறது, ஆனால் தெளிவாக இருக்கிறது. "மாஸ்டர், கயிறு ஈரமா இருக்கு. வலை இல்லாம நான் குதிக்க மாட்டேன்."

டைரக்டர், கேமராவைத் தள்ளி வைத்தால் நேரமாகும், வெயில் போய்விடும் என்கிறார். நீ, "வெயில் நாளைக்கும் வரும் சார்" என்கிறாய். யாரோ சிரிக்கிறார்கள். நாளைக்கு இந்த இடம் நமக்கு இல்லை என்று மேனேஜர் குரல். அப்புறம் டைரக்டர்: "அப்ப ரப்பரைக் கூப்பிடுங்க. அந்த டிரஸ்ஸைக் கழட்டி அவளுக்குப் போடுங்க."

நீ: "அவளுக்குப் பிரசவம் ஆகி நாலு மாசம்தான் சார் ஆகுது. வயித்துத் தையலே இன்னும் சரியா ஆறல."

ரப்பர், ரொம்ப மெதுவாக: "பரவாயில்லக்கா. நான் பண்ணிடுறேன்."

மாஸ்டர் உன்னிடம் சொல்கிறார்: "நீ இல்லன்னா அவ. யாராவது ஒருத்தர் ஏறித்தான் ஆகணும். நீயே முடிவு பண்ணு."

அதன்பிறகு பதினோரு செகண்ட் யாரும் பேசவில்லை. எண்ணிப் பார்த்தேன். பிறகு நீ:

"அவ ஏற வேண்டாம். நானே குதிக்கிறேன்."

சொன்னாய் அக்கா. அவர்கள் எழுதியது பொய்யான வார்த்தை இல்லை, நீ சொன்ன வார்த்தைதான். முன்னால் இருந்ததையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு அதை மட்டும் தாளில் வைத்திருக்கிறார்கள். வெட்டுவது என் தொழில். எந்த இடத்தில் வெட்டினால் நல்லவன் கெட்டவனாவான் என்பது எனக்குத் தெரியும். அதை ஒரு மனுஷிக்குச் செய்வார்கள் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

பிறகு இரும்புப் படியில் உன் கால் சத்தம். 'ஆக்ஷன்.' அதற்கு அடுத்ததை நான் எழுதமாட்டேன். ரப்பர் அலறுகிறாள், 'அக்கா, அக்கா' என்று. 'கட்' என்று யாரும் சொல்லவில்லை. அலறலுக்கு நடுவே டைரக்டர் கேமராமேனிடம் கேட்பது மட்டும் தெளிவாக இருக்கிறது: "ஷாட் கிடைச்சுதா?"

முப்பதாம் தேதி காலை பதினோரு மணிக்கு யூனிட் முழுவதற்கும் பிரிவியூ. தயாரிப்பாளர், விநியோகஸ்தர்கள், லைட்காரர்கள், ஸ்டன்ட் ஆட்கள் எல்லோரும் வருகிறார்கள். நான்காவது ரீலுக்கு சவுண்ட் சேர்க்கும் வேலை என்னுடையது. ஃபைலை வெளியே எடுத்துவர முடியாது, வாசலில் உள்ளாடைவரை தடவிப் பார்க்கிறார்கள். ஆனால் பிரிவியூ போடுகிற தியேட்டருக்குள் அது ஒலிக்கலாம்.

சின்னவள்


ஜூன் 28

சின்னவளே,

உன் மாமா சத்தமாப் படிச்சார், நான் கேட்டேன். பதினோரு செகண்டுன்னு வந்த இடத்துல அவரால படிக்க முடியல. லிஃப்ட் குழிக்குள்ள தனியா இறங்குற மனுஷன், ஒரு தாளைப் படிக்க முடியாம மூஞ்சைத் திருப்பிக்கிட்டார். மிச்சத்தை நானே படிச்சேன்.

இப்பவும் எனக்கு ஞாபகம் வரல. ஆனா வெயில் நாளைக்கும் வரும்னு சொன்னது நான்தான், அதுல சந்தேகம் இல்ல.

பிரிவியூவுல ஏதும் பண்ணாதே. நான் யோசிச்சுத்தான் சொல்றேன். ஒரு தடவை அப்படிப் பண்ணினா அப்புறம் எந்த எடிட்டரும் உன்னை வாசப்படி ஏத்த மாட்டாங்க. இந்த நாற்காலிக்கு வர நீ எத்தனை வருஷம் காபி வாங்கிக் கொடுத்தன்னு எனக்குத் தெரியும். நீ கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்கு அனுப்பு. தங்கச்சி அக்காவுக்குச் சொல்ற சாட்சி செல்லாதுன்னு சொன்னா சொல்லட்டும். என்ன நடந்துதுன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு, அது போதும்.

போதும்னு எழுதிட்டேன். எழுதினதுலேருந்து நெஞ்சு கொதிக்குது. ஷாட் கிடைச்சுதான்னு கேட்டான் பாரு. ஒரு பாத்திரம் கீழே விழுந்தாக்கூட உடைஞ்சுதான்னுதானே முதல்ல கேப்போம்?

ரப்பர் மேல எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் வேற மாதிரி ஆயிடுச்சு. குறையல. அவளுக்காக ஏறினேன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டிருக்கா.

நான் சொன்னதைக் கேளு. பண்ணாதே.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் முப்பதாம் தேதி காலையே துணி மூட்டையில் வந்துவிட்டது. படித்துவிட்டுத்தான் செய்தேன். தாமதமாகக் கிடைத்தது என்று பொய் சொல்லலாம், வேண்டாம்.

இதை பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கையில்தான் இருக்கிறது. உன்னிடம் பேசத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

நான்காவது ரீலில் அந்த இடம் வரும்போது, சுவரில் எழுதிய அந்த வாசகத்தை மட்டும் திரையில் அப்படியே நிறுத்திவைத்தேன். ஒரு நிமிஷம் ஐம்பது செகண்ட். அதன்மேல் உங்கள் பேச்சு, 'எடுங்க'விலிருந்து 'நானே குதிக்கிறேன்' வரை, அந்தப் பதினோரு செகண்டும் சேர்த்து. பிறகு நீ விழுவது, தரைவரை. காலையில் எடிட்டர் சார் ரீலின் நீளத்தைப் பார்த்துவிட்டு, ஏன் கூடியிருக்கிறது என்று கேட்டார். சவுண்ட் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார், திரும்பி வரவே இல்லை.

ஓடியபோது முதலில் எல்லோரும் அது படத்தின் பகுதி என்றே நினைத்தார்கள். இராணுவப் பள்ளியில் யாரோ யாருக்கோ கட்டளை போடுகிறார்கள் என்று. உன் குரல் வந்ததும் ஸ்டன்ட் ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசை நிமிர்ந்தது. வெயில் நாளைக்கும் வரும் என்றபோது இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டைரக்டர் எழுந்து நிறுத்தச் சொல்லிக் கத்தினார். புரொஜெக்டர் அறையில் இருந்தவருக்கு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம். பன்னிரண்டு வருஷமாக அதே அறையில் வேலை செய்கிறவர். 'ஷாட் கிடைச்சுதா' வரை ஓடிய பிறகுதான் அவருக்கு ஸ்விட்ச் அகப்பட்டது.

விளக்கைப் போட்டார்கள். கதாநாயகி எழுந்து, டைரக்டரிடம், நான் கேரவனில் இருந்தபோது இதுவா நடந்தது என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடைசி வரிசையில் ரப்பர் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் மாஸ்டரைப் பார்த்துத்தான் பேசினாள்: "அவங்க சொன்ன வார்த்தையைத்தானே எழுதியிருக்கு, பொய் இல்லையேன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் அப்படி நினைச்சுக்கிட்டேன். குழந்தையை வெச்சுக்கிட்டு வேலை போயிடும்னு பயந்தேன். அக்கா முகத்தைப் பார்க்கப் போனேன், வாயைத் திறக்க முடியல."

என்னைப் பத்து நிமிஷத்தில் வெளியேற்றிவிட்டார்கள். மேனேஜர், இனி எந்தக் கம்பெனியிலும் உனக்கு இடம் இல்லை என்றார். உங்கள் கையால் இன்னொரு தாள் நீட்டுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். அவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

உன் பேச்சைக் கேட்கவில்லை. திட்ட வேண்டுமென்றால் திட்டு. சிநேகிதி வீட்டில் இருப்பேன், விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். நீ கூப்பிடும்வரை வரமாட்டேன்.

சின்னவள்


ஜூலை 6

சின்னவளுக்கு,

திட்டணும்னுதான் பேனாவை எடுத்தேன். அதுக்கு முன்னாடி நேத்து நடந்ததைச் சொல்லிடுறேன்.

மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் என்னை நாற்காலியோட தூக்கிப் படி இறக்கினாங்க. சங்கத்துல உக்கார இடம் இல்ல, அவ்வளவு கூட்டம். பிரிவியூ பார்த்த லைட்காரங்க, கார்பெண்டர்னு பத்தொம்பது பேர் கேட்டதை எழுதிக் கொடுத்திருந்தாங்க. கதாநாயகிகிட்டேருந்து ஒரு வரி வந்திருந்தது, 'அந்தக் குதி என்னுடையது அல்ல'ன்னு. ஒரு வரிக்கு மேல எழுத அவங்க ஆளுங்க விடல போல.

ரப்பர் வந்து, போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கினா. என் பக்கத்துல வந்து நின்னா. குழந்தை என் வாக்கரைப் பிடிச்சு இழுத்துது, விட்டுட்டேன்.

யாரும் எதிர்பார்க்காத ஒருத்தர் வந்தார். சவுண்ட்காரர். சட்டைப் பையிலிருந்து அந்தப் பேச்சோட நகல் இருக்கிற பென் டிரைவை எடுத்து மேசை மேல வெச்சார். ரெண்டு மாசமா இதை வெச்சுக்கிட்டு ஏன் சும்மா இருந்தீங்கன்னு தலைவர் கேட்டார். யாரும் என்னைக் கேக்கலையேன்னார். எனக்கு எழுந்து போய் ஒரு அறை விடணும்போல இருந்தது. எழுந்துக்க முடியாததால அவர் பிழைச்சார்.

மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவே இல்ல. தான் வலையை எடுக்கலன்னா வேற மாஸ்டரைக் கொண்டு வந்திருப்பாங்கன்னு சொன்னார். எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அவர் எனக்குச் சொன்னதும் அதேதானே, நீ இல்லன்னா அவன்னு. அவருக்கு டைரக்டர் சொன்னதும் அதுவாத்தான் இருக்கும். டைரக்டருக்குத் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். இந்த ஒரு வாக்கியத்தை வெச்சே மேலேருந்து கீழே வரைக்கும் ஒவ்வொருத்தரையா மாடியில ஏத்தி விடுறாங்க.

முடிவு இதுதான். கம்பெனி கடிதம் செல்லாது. மாஸ்டருக்கு ரெண்டு வருஷம் தடை. அந்த டைரக்டர் நடந்ததை ஒப்புக்கிட்டு எழுதிக் கொடுக்கிற வரைக்கும் எங்க ஆளு யாரும் அவர் செட்டுல கால் வைக்க மாட்டாங்க. அந்த ஷாட்டைப் படத்துலேருந்து எடுத்துட்டாங்களாம். படம் சொன்ன தேதிக்கு வெளிவரும், நல்லாவும் ஓடும், எனக்குத் தெரியும். என் அட்டை என்கிட்டயே இருக்கு. ஆனா டாக்டர் இனிமே குதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். இதை நான் ஒரே வரியில எழுதிட்டேன், நீயும் ஒரே வரியாவே படிச்சுக்கோ.

உன் கையெழுத்தை வாபஸ் வாங்க நீ நேர்ல வரணுமாம். அந்தக் கையெழுத்து என் மனசுல இன்னும் முள்ளாத்தான் இருக்கு, நீ இவ்வளவு பண்ணினதுக்கு அப்புறமும். போகும்போது போகும். நான் பண்ணாதேன்னு சொன்னதை நீ பண்ணினதுக்கு மட்டும் கோபம் இல்ல. கோபப்படப் பார்த்தேன், வரல.

கடைசியில தலைவர் தீர்ப்பை எழுத உக்காந்தார். எழுதினதைப் படிச்சுக் காட்டினார். "சக கலைஞருக்காகத் தன்னையே தியாகம் செய்த"ன்னு ஆரம்பிச்சுது. எல்லாரும் கை தட்டினாங்க. ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சாங்க. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதிச்சுது. நாற்காலி கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுட்டேன். எப்படி நின்னேன்னு மாமாவுக்கே புரியல.

"அந்த வார்த்தையை அடிங்க. நான் தியாகம் பண்ணல. என்னை ஏத்தினாங்க. வலையை எடுக்கச் சொன்னது யாரு, எடுத்தது யாரு, பார்த்துக்கிட்டுச் சும்மா நின்னது யாரு, எல்லாத்தையும் எழுதுங்க. ஏற மாட்டேன்னு கீழேயே நின்னு எல்லாரையும் நிறுத்தியிருக்கணும், நிறுத்தாதது என் தப்பு, அதையும் எழுதுங்க. தியாகம்னு எழுதி வெச்சா நாளைக்கு இன்னொருத்தியையும் தியாகம் பண்ணச் சொல்லுவாங்க."

கை தட்டல் நின்னுடுச்சு. தலைவர் என்னையே பார்த்தார். பேனாவைக் கீழே வெச்சார். மறுபடியும் எடுத்து, அந்த வரியை அடிச்சுட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

கை வலிக்குது. நீ கிளம்பி வா.

அக்கா